வெறுங்கையோடு வரும் வீதியோர உதவி

நுவரெலியாவில் கராஜ் நடத்தும் எனக்கு இரவில் வரும் அழைப்புகளில் பல, ஏற்கெனவே ஒருவர் வந்து கைவைத்துவிட்டுப் போன வாகனங்களைப் பற்றியவை. கடந்த ஆண்டு மழைக்காலத்தில், கம்பளைக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் வான் லபுக்கலைக்குக் கீழே பின்சில்லில் காற்றுப் போய் நின்றுவிட்டது. அவர்கள் அழைத்த உதவிச் சேவையிலிருந்து இரண்டு மணித்தியாலங்கள் கழித்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். சில்லு களவு போகாமலிருக்கப் போட்டிருந்த பூட்டு நட்டுக்குரிய சாவியைப் பற்றி அவர் தொலைபேசியிலும் கேட்கவில்லை, வந்த பிறகும் கேட்கவில்லை. பொருந்தாத சொக்கட் ஒன்றைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, நட்டின் விளிம்பை வழுவழுப்பாக்கிவிட்டு, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். நான் போய்த் தேடியபோது அந்தச் சாவி சாரதி ஆசனத்துக்கு அடியில், துணிப்பை ஒன்றுக்குள் இருந்தது. ஆனால் அது அந்த நட்டில் இனிப் பிடிக்காது.

அதைவிட என்னைப் பதறவைத்தது அவர் ஜக் வைத்திருந்த விதம். கானோரத்து ஈர மண்ணில் அடிப்பலகை இல்லாமல் வைத்த ஜக் ஒருபக்கமாகச் சாய்ந்து, அரைவாசி புதைந்திருந்தது. மற்றச் சில்லுகள் எதற்கும் கல் அண்டை கொடுக்கப்படவில்லை. வானுக்குள் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான வாகனங்களில் கைபிரேக் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கிறது என்பதால், இறக்கத்தில் ஒரு பின்சில்லை நிலத்திலிருந்து தூக்கினால் வாகனத்தை உருளாமல் பிடித்திருப்பது மற்றைய பின்சில்லு ஒன்றுதான். பின்சில்லால் இயங்கும் வாகனத்தை கியரில் போட்டு வைத்திருந்தாலும், இரு பின்சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்புக் காரணமாகத் தூக்கிய சில்லு சுழன்றுகொடுக்க, அந்தப் பிடியும் உதவாமல் போகும். சமதரையில் வேலை பழகியவர்களுக்கு இது நினைவில் வருவதில்லை.

ரம்பொடை இறக்கத்தில் பிரேக் கருகும் மணத்தோடு நிற்கும் வாகனங்களிலும் இதே அவசரத்தையே காண்கிறேன். பழைய பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காத டொட் 3 வகை பிரேக் ஒயில், ஈரமேறிய பின் 140 பாகையிலேயே கொதித்துப் பெடலை மெதுமெதுப்பாக்கிவிடும். அந்த நிலையில் மேலே கொஞ்சம் ஒயில் ஊற்றி, இனிப் போகலாம் என்று அனுப்புவது பெரும் தவறு. முதலில் பிரேக் தானாக ஆற வேண்டும், பெடல் மீண்டும் இறுக வேண்டும். இறுகாவிட்டால் இழுத்துச் செல்லும் வாகனம்தான் வர வேண்டும்.

ஆகவே உதவிக்கு அழைக்கும்போது வாகனத்தின் மாதிரி, பழுதான சில்லு எது, பூட்டு நட்டும் சாவியும் உண்டா, நிற்கும் இடம் ஏற்றமா இறக்கமா என்பவற்றை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். வருபவரிடம் ஜக் எத்தனை தொன் தூக்கும், அடிப்பலகையும் சில்லுக்கட்டைகளும் இருக்கின்றனவா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பதில் தடுமாறினால் வேறொருவரை அழையுங்கள். பனிமூட்டத்தில் ஒரு வளைவும் மற்ற வளைவும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், அருகிலுள்ள கிலோமீற்றர் கல்லின் எண்ணையும் வாசித்துச் சொல்லுங்கள்.