ஃபோகஸைக் கலைத்தால் நட்சத்திரத்துக்கு நிறம் வரும்

திருவாதிரையைத் தொலைநோக்கியில் பார்த்தால் தணல் மாதிரி ஆரஞ்சாகத் தெரியும். அதே தொலைநோக்கியில் கேமராவை மாட்டிப் படமெடுத்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைப் பொட்டு, ஓரத்தில் மட்டும் லேசான செம்மை. கேமராவில்தான் கோளாறு என்று நினைத்தேன். வெளிச்சத்தை அளவுக்கு மீறி வாங்க வைத்தது நான்தான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு வடிகட்டி இருக்கும், அந்த மூன்று வகைப் பிக்சல்களிலும் விழுந்த வெளிச்சத்தின் விகிதத்தைத்தான் நாம் நிறம் என்கிறோம். 14 பிட் கேமராவில் ஒரு பிக்சல் 16,383க்கு மேல் எண்ணாது. நட்சத்திரமோ புள்ளி, தொலைநோக்கி திரட்டிய வெளிச்சம் மொத்தத்தையும் நாலைந்து பிக்சல்களில் கொட்டிவிடுகிறது. ஒரு நிறம் முன்னே, ஒரு நிறம் பின்னே என்று மூன்றும் நிரம்பியதும் எல்லாம் ஒரே எண், விகிதம் போச்சு, வெள்ளைதான் மிச்சம். ஓரத்தில் வெளிச்சம் குறைவு, அதனால் அங்கே மட்டும் நிறம் பிழைக்கிறது.

ஐஎஸ்ஓவையும் (சென்சார் தரும் அளவைக் கேமரா எவ்வளவு பெருக்குகிறது என்பது) எக்ஸ்போஷர் நேரத்தையும் (வெளிச்சம் வாங்கும் நேரம்) குறைக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்த வழி, வேண்டுமென்றே ஃபோகஸைக் கலைப்பது. புள்ளி விரிந்து வட்டாகும், அதே வெளிச்சம் நூற்றுக்கணக்கான பிக்சல்களுக்குப் பங்காகும், எதுவும் நிரம்பாது. வானியல் புகைப்படக்காரர் டேவிட் மாலின் ஃபிலிம் காலத்திலேயே, திறந்தே வைத்த கேமராவில் ஓரியன் விண்மீன் குழு (திருவாதிரை இருப்பது இதில்தான்) நகர்ந்து கோடு போடும்போது ஃபோகஸைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு கோட்டையும் நிறம் ததும்பும் விசிறியாக விரிய வைத்தார். (பிரதிபலிப்புத் தொலைநோக்கியில் வட்டின் நடுவே ஓட்டை தெரியும். அது இரண்டாவது கண்ணாடியின் நிழல், பயப்பட வேண்டாம்.)

நிறம் எதைச் சொல்கிறது? மேற்பரப்பின் வெப்பத்தை. திருவாதிரை சுமார் 3,600 கெல்வின், அதே ஓரியனில் இருக்கும் நீல ரைஜல் சுமார் 12,000. சூரியனுக்கு 5,800 கெல்வினை ஒட்டி வரும், அதன் ஒளி உச்சம் தொடுவது பச்சைக்குப் பக்கத்தில். ஆனாலும் பச்சையாகத் தெரியும் நட்சத்திரம் கிடையாது, ஏனென்றால் உச்சத்துக்கு இருபுறமும் சிவப்பும் நீலமும் தாராளமாக வருகின்றன, கலந்தால் வெள்ளை.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைச் சமன்செய்துவிடும். பகல் வெளிச்சத்துக்கான அமைப்பு போதும், கேமரா கைவைக்காத ரா ஃபைலாகச் சேமித்தால் இன்னும் நல்லது. அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரங்களும் வேண்டாம், அங்கே காற்று நீலத்தைச் சிதறடித்து எல்லாவற்றையும் சிவக்க வைத்துவிடும்.

முதலில் அன்னம் விண்மீன் குழுவின் தலையில் இருக்கும் அல்பிரியோவை எடுங்கள்: பக்கத்துப் பக்கத்தில் ஒரு பொன் மஞ்சள், ஒரு நீலம். இரண்டுக்கும் இடைவெளி ஒரு பாகையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, ஃபோகஸை ரொம்பக் கலைத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும்.