சங்கிலி போட்ட பின்வாசல்

பள்ளிப் பாதுகாப்பு என்றதும் பெரும்பாலும் முதலில் நடப்பவை இரண்டு: கேமரா மாட்டுவது, பின்வாசலுக்குச் சங்கிலி போடுவது. வெளியாள் நுழையக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் தீப்பிடித்தால் அதே சங்கிலி பிள்ளைகளை உள்ளேயே நிறுத்திவிடும். சாவி காவலாளி ஒருவரிடம்தான் இருக்கும், அவரோ முன்வாசலில் நிற்பார்.

வாசல் கதவு வெளியிலிருந்து வருபவரைத் தடுக்க வேண்டும், உள்ளிருப்பவருக்குச் சாவியில்லாமல் திறக்க வேண்டும். இதற்கென்றே குறுக்குக் கம்பி பொருத்திய கதவுகள் உண்டு. இடுப்பு உயரத்தில் இருக்கும் அந்தக் கம்பியை உடம்பால் அழுத்தினாலே தாழ் விலகிவிடும். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதும் முக்கியம். உள்பக்கம் திறக்கும் கதவின் மேல் 40 பிள்ளைகள் நெருக்கியடித்துச் சாய்ந்தால் பலசாலியாலும் அதை இழுத்துத் திறக்க முடியாது.

வகுப்பறைக் கதவுக்கும் இதே கணக்குதான். ஆபத்தான ஆள் வளாகத்தில் புகுந்தால், ஆசிரியர் நடைபாதைக்கு வராமல் உள்ளிருந்தே பூட்ட முடிய வேண்டும். வெளியேறும்போது கைப்பிடியை ஒருமுறை திருப்பினால் திறந்துவிட வேண்டும். கதவுக்குக் குறுக்கே இரும்புத் தடை மாட்டும் யோசனையை நான் ஏற்பதில்லை. நடுங்கும் கையால் அதைச் சட்டென்று கழற்ற வராது. அதைவிட மோசம், ஒரு பிள்ளையைத் தனியே உள்ளே வைத்து யாரேனும் தடையைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து காப்பாற்றவும் வழியில்லை. பூட்டை வெளியிலிருந்து திறக்கும் மாற்றுச்சாவி தலைமையாசிரியரிடம் எப்போதும் இருக்கட்டும்.

தீயும் புகையும் மேலேறாதபடி படிக்கட்டை மூடி நிற்கும் தீத்தடுப்புக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துக் காற்றுக்காகத் திறந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. 1958 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் சிகாகோவில் 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' (Our Lady of the Angels) என்ற பள்ளியின் படிக்கட்டடியில் தீ மூண்டது. மேல்தளத்தில் படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவே கதவே இல்லை. புகையும் வெப்பமும் நேரே மேலேறி நடைபாதையை நிரப்ப, வகுப்பறைகளில் இருந்தவர்களுக்கு வெளியேற வழி போனது. 92 பிள்ளைகளும் 3 ஆசிரியைகளும் இறந்தார்கள். அந்தச் செங்கலை எங்கே கண்டாலும் எடுத்துவிடுங்கள்.

முன்னறிவிப்போடு, எல்லோரும் வகுப்பில் இருக்கும் நேரத்தில் நடத்தும் ஒத்திகையில் ஒரு குறையும் வெளிவராது. சாப்பாட்டு இடைவேளையில் மணியடித்துப் பாருங்கள். இன்னொரு நாள் ஒரு படிக்கட்டை மறித்துவிட்டு, ஆசிரியர்கள் மாற்று வழிக்குத் திரும்புகிறார்களா என்று கவனியுங்கள். வருகைப் பதிவேடு அலுவலகத்தில் கிடந்தால் மைதானத்தில் தலையெண்ண முடியாது. அது ஆசிரியர் கையோடு போக வேண்டும். கழிப்பறைகளைப் பார்த்துவிட்டு வர தளத்துக்கு ஒருவர் வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு இன்னார் இருவர் துணை என்று பெயரோடு எழுதி வையுங்கள், அவர்களில் ஒருவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதையும் சேர்த்து. ஒன்றுகூடும் இடம் கட்டடத்திலிருந்து தள்ளி, தீயணைப்பு வண்டி வரும் பாதையில் படாமல் இருக்கட்டும்.

பள்ளி விடும் நேரத்தில் ஆபத்து பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். "அம்மா அனுப்பினாங்க, பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்று புதியவர் ஒருவர் நின்றால், அவர் நீட்டும் கைபேசியில் பேசி உறுதிப்படுத்தாதீர்கள். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கொடுத்த எண்ணுக்குப் பள்ளியிலிருந்து அழையுங்கள். அவர்கள் எடுக்கும்வரை பிள்ளை அலுவலகத்திலேயே இருக்கட்டும்.