ஷார்ட் ஆன கார்டு எப்படி ஓடுகிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். போன மாதம் ஒரு ராத்திரி அவர் ஊரில் இடி மின்னலோடு மழை. விடிந்து பார்த்தால் வீட்டுக் கம்ப்யூட்டரில் இண்டர்நெட் இல்லை. மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, மதர்போர்டோடு சேர்ந்தே வரும் லேன் போர்ட் மட்டும் செத்துவிட்டது. போர்டை மாற்ற வேண்டாம், தனியாக ஒரு லேன் கார்டு வாங்கிப் போட்டால் போதும் என்று கடையில் சொல்ல, அவரும் ஒரு ஜிகாபிட் கார்டு (நொடிக்கு 1000 மெகாபிட் வேகம்) வாங்கி வந்திருக்கிறார். வாங்கியதை அப்படியே மாட்டியிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. அவர் வீட்டில் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்.

பழைய லேன் கேபிள் ஒன்றை நடுவில் வெட்டி, பிளக் உள்ள முனையைக் கார்டில் செருகி, வெட்டிய பக்கத்தில் எட்டுக் கம்பிகளையும் சீவி, ஒவ்வொன்றாக மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு முனைக்கும் நடுவே மின்சாரம் தடையில்லாமல் போனால் மீட்டர் 'பீப்' அடிக்கும். ஆரஞ்சுக்கும் அதன் ஜோடியான வெள்ளை ஆரஞ்சுக்கும் நடுவே 'பீப்'. பச்சை ஜோடியிலும் பீப். நீலம், பழுப்பு, அங்கேயும் பீப். நாலு ஜோடியும் ஷார்ட்! கார்டு டெட் என்று முடிவுகட்டிக் கடைக்கு ஓடியிருக்கிறார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அதை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, நெட் ஓடுவதைக் காட்டி, திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். "ஷார்ட் ஆன கார்டு எப்படி சார் ஓடுகிறது?" என்பது அவர் கேள்வி. கூடவே ஒரு உபகேள்வி: வீட்டில் மாட்டிய பிறகு வேகம் 100 என்று காட்டுகிறதே, 1000 அல்லவா காட்ட வேண்டும்?

இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது.

முதலில் மாட்டுகிற கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது, பவர் கேபிளையே பிடுங்கிவிட வேண்டும். அணைத்துவைத்த கம்ப்யூட்டரிலும் லேன் போர்ட்டின் விளக்கு கண் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மதர்போர்டுக்கு அப்போதும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் மிச்சம் மீதியும் வடிந்துவிடும். பக்கத்து மூடியைத் திறந்து, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். இது சடங்கு இல்லை. உடம்பில் சேரும் நிலைமின்னூட்டம் சுமார் 3000 வோல்ட்டைத் தாண்டினால்தான் 'சுரீர்' என்று நமக்கு உறைக்கும். சில்லுகள் சிலவற்றைக் கொல்லச் சில நூறு வோல்ட்டே போதும், நமக்குத் தெரியவே தெரியாது. ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் பயம் குறைவு, ஏசி அறையில் அதிகம்.

மதர்போர்டில் இருக்கும் குட்டி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்தான் இந்தக் கார்டுக்கு இடம். அது காலியில்லை என்றால் நீளமான ஸ்லாட்டிலும் போடலாம், தப்பில்லை. "இவ்வளவு சின்ன ஸ்லாட் போதுமா?" என்ற சந்தேகம் வேண்டாம். அந்தக் குட்டி ஸ்லாட்டின் மிகப் பழைய தலைமுறையே ஒரு திசைக்கு நொடிக்கு 250 மெகாபைட் கடத்தும், ஜிகாபிட்டுக்கு 125 போதும் (எட்டு பிட் ஒரு பைட்). பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி, ஸ்க்ரூவை முடுக்கினால் கதை முடிந்தது.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்? கார்டு தன் அடையாள எண்ணைத் தானே சொல்லும். தயாரித்த நிறுவனத்துக்கு ஒரு எண், மாடலுக்கு ஒரு எண். (இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்ட எண் 8086, தன்னுடைய புகழ்பெற்ற பழைய பிராசஸரின் பெயர். எஞ்சினியர்களுக்கும் செல்லம் கொஞ்சத் தெரியும்.) அந்த எண்ணைப் பார்த்து விண்டோஸோ லினக்ஸோ பெரும்பாலும் தானே பொருத்திக்கொள்ளும். அபூர்வமாக, டிரைவரை இண்டர்நெட்டிலிருந்து இறக்கினால்தான் இண்டர்நெட்டே வரும் என்ற நிலை வரலாம், சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இண்டர்நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கடன் கொடுக்கும் டெதரிங்கைப் போட்டால் ஜன்னல் வழியாக உள்ளே போய்விடலாம்.

சரி, இப்போது அந்த பீப்.

கார்டின் போர்ட்டுக்குள்ளேயோ, அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கறுப்புப் பெட்டியிலோ, மிளகு அளவில் சில வளையங்கள் ஒளிந்திருக்கும். ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன வளையங்கள். ஒவ்வொன்றிலும் தலைமுடி மாதிரி எனாமல் கம்பி சில சுற்றுகள் சுற்றியிருக்கும். இவை பெரும்பாலும் கையால் சுற்றப்படுபவை. ஒரு சுருளின் இரண்டு முனைகளும் கேபிளின் ஆரஞ்சு ஜோடிக்குப் போகின்றன. அதே வளையத்தில் தொடாமல் சுற்றியிருக்கும் இன்னொரு சுருள் சில்லுக்குப் போகிறது. நம் வாசகரின் மீட்டர் பார்த்தது முதல் சுருளை. மீட்டர் அனுப்புவது நேர்மின்னோட்டம், நேர்மின்னோட்டத்துக்குச் சுருள் என்பது வெறும் கம்பிதான், பீப் அடிக்காமல் என்ன செய்யும்? அவர் இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டு, கேபிளுக்கும் சில்லின் காலுக்கும் நடுவே வைத்துப் பார்த்திருந்தால் இன்னும் அதிர்ந்திருப்பார். அங்கே பீப்பே வராது. கேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உலோகத் தொடர்பு கிடையாது. வீடியோவும் மெயிலும் வந்து சேர்வதெல்லாம் அந்தக் காந்த வளையத்தைத் தாண்டித்தான்.

இந்த வளையத்துக்கு வயது இருநூறை நெருங்குகிறது. 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரு இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் கம்பி சுற்றி, ஒரு பக்கம் பேட்டரியை இணைத்தார். மறுபக்கம் காந்த ஊசி ஒருமுறை துள்ளி அடங்கியது. பேட்டரி இணைந்தே இருந்தும் பிறகு ஒன்றும் இல்லை. பேட்டரியைப் பிடுங்கினார், எதிர்ப்பக்கம் ஒரு துள்ளல். அதாவது மாற்றம் மட்டும்தான் வளையத்தைத் தாண்டும். அவருடைய வளையம் உள்ளங்கையை விடப் பெரியது, நம்முடையது மிளகு. மற்றபடி அதேதான்.

மாற்றம் மட்டும்தான் தாண்டும் என்றால் ஒரு சிக்கல் வருமே? நீங்கள் அனுப்பும் படத்தில் நீண்ட கறுப்பு வானம் இருக்கிறது, வரிசையாகச் சுழி, சுழி, சுழி. மாறாத மின்னழுத்தம் வளையத்தைத் தாண்டாது. அதனால் சில்லு எந்தத் தகவலையும் அப்படியே அனுப்புவதில்லை. ஏறுக்குமாறான ஓர் எண்வரிசையோடு கலந்து, சீட்டுக்கட்டைக் குலுக்குவதுபோல் குலுக்கி அனுப்புகிறது. மறுமுனைக்கும் அதே எண்வரிசை தெரியும், கலந்ததைக் கழித்து எடுத்துக்கொள்ளும். ரகசியத்துக்காகச் செய்வதல்ல, கம்பியில் மாற்றம் ஓயக்கூடாது என்பதற்காக.

கழித்து எடுப்பது என்றேன் அல்லவா, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கேபிளில் நடப்பது முழுக்கக் கழித்தல் கணக்குதான்.

கேபிளின் மேலுறையைச் சீவினால் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கிக் கிடக்கும். ஒரு ஜோடியில் ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். வளையம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே கடத்துகிறது. இப்போது பக்கத்தில் மிக்ஸி ஓடுகிறது, அதன் இரைச்சல் கேபிளில் ஏறுகிறது. இரண்டு கம்பிகளிலும் சமமாக ஏறினால்? தராசின் இரண்டு தட்டிலும் ஒரே அளவு தூசி விழுந்த மாதிரி. முள் அசையாது. ஆனால் மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பியில் கொஞ்சம் கூடுதலாக ஏறுமே? அதற்குத்தான் முறுக்கு. அரை முறுக்குக்கு ஒருமுறை பக்கத்துக் கம்பி தூரத்துக் கம்பியாகிறது, தூரத்தது பக்கத்துக்கு வருகிறது. கடைசியில் கணக்கு நேராகிவிடுகிறது. தொலைபேசிக் கம்பிக்காக இந்த யோசனைக்கு 1881லேயே காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாலு ஜோடிகளின் முறுக்கும் ஒரே நெருக்கம் இல்லை. ஒரு ஸ்கேலை வைத்து எண்ணிப் பாருங்கள். ஒரே மாதிரி முறுக்கினால் பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் கால் ஒத்து நடந்து, ஒன்றின் பேச்சு மற்றதில் விழுந்துவிடும்.

முறுக்கின் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. முதன்முதலில் நானே பிளக் பொருத்தி கிரிம்ப் செய்த கேபிளில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக அடுக்கினேன், இரண்டு முனையிலும் அதே வரிசை. டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன. நெட் மட்டும் வந்து வந்து போயிற்று. இரண்டு நாள் ரவுட்டரைத் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: பிளக்கில் மூன்றாவது ஊசிக்கு ஜோடி நான்காவது அல்ல, ஆறாவது. என் அழகான வரிசையில் மூன்றில் பச்சை ஜோடியின் ஒரு கம்பி, ஆறில் நீல ஜோடியின் ஒரு கம்பி. மின்சாரம் போகிறது, முறுக்கின் பாதுகாப்பு போய்விட்டது. நீல ஜோடி நடுவில் இருக்க, பச்சை அதன் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும் அந்த விசித்திர வரிசையை இன்றைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இந்த ஏற்பாடு ஆதியில் இல்லை. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் செய்த முதல் ஈதர்நெட் (இந்த லேன் கேபிள் இணைப்பு முறையின் பெயர்), ஒரே தடித்த கேபிளில் எல்லாரும் தொங்குகிற வகை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல், இருவரும் நிறுத்திவிட்டு ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மீண்டும் பேச வேண்டும். வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். ஒளி பரவ ஊடகமாக வெளியெங்கும் ஈதர் நிறைந்திருக்கிறது என்று இயற்பியலாளர்கள் ஒருகாலத்தில் நம்பினார்களே, அதிலிருந்து வந்த பெயர். மைக்கல்சனும் மார்லியும் 1887இல் தேடிப்பார்த்துக் காணாமல் கைவிரித்த ஈதர், ஒவ்வொரு வீட்டு ரவுட்டரிலும் பெயரளவில் உயிரோடு இருக்கிறது.

ஜிகாபிட்டில், 1999இல் வந்த தரத்தில், மோதல் பயமெல்லாம் போய், நாலு ஜோடியிலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். தனித்தனிப் பாதை கிடையாது, அதே இரண்டு கம்பிகளில் போவதும் வருவதும். ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 12.5 கோடி துடிப்புகள், ஐந்து மின்னழுத்தப் படிகள், துடிப்புக்கு 2 பிட். நாலு ஜோடியைக் கூட்டினால் 100 கோடி. ஒரு துடிப்பின் ஆயுள் 8 நானோநொடி. கம்பியில் சைகை ஒரு நானோநொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஆக, ஒரு துடிப்பின் நீளம் ஏறக்குறைய 1.6 மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரம். அனுமதிக்கப்பட்ட முழு 100 மீட்டர் கேபிளில் எந்தக் கணத்திலும் ஒரு ஜோடியில் போகிறவர்கள் அறுபது பேர், எதிரே வருகிறவர்கள் அறுபது பேர், ஒருவரை ஒருவர் ஊடுருவி நடந்துகொண்டிருக்கிறார்கள். சில்லுக்குக் கேட்பது தன் உரத்த குரலும், தூரத்திலிருந்து வரும் மெலிந்த குரலும், எதிரொலிகளும் கலந்த ஒரே சத்தம். தான் என்ன சொன்னோம் என்பது அதற்குத் தெரியும். தன் குரலையும் தன் எதிரொலியையும் கழிக்கிறது. மிச்சம் இருப்பது எதிராளி பேசியது. இதை நொடிக்கு 12.5 கோடி தடவை, நாலு ஜோடிக்கும் செய்கிறது அந்த மலிவான சில்லு.

ஒரு புலம்பல். பாட்டு கேட்பவர்களுக்கென்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கும் லேன் கேபிள்கள் சிலவற்றில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், இந்தத் திசையில் மாட்டினால் இசை துல்லியமாக வருமாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுகிற கம்பியில் எந்தத் திசைக்கு அம்பு? மானிட்டருக்கு ஆயுத பூஜையன்று சந்தனம் வைப்பவரைச் சிரிக்கும் ஆட்கள்தான் இதை வாங்குகிறார்கள். சந்தனம் மலிவு, மணமும் உண்டு.

மின்னலுக்கு வருவோம். "என் வீட்டில் ஃபைபர்தானே, கண்ணாடி இழையில் மின்னல் எப்படி வரும்?" என்றும் வாசகர் கேட்டிருக்கிறார். இழை வழியாக வராது. ஆனால் இழை வந்து சேரும் பெட்டி சுவரில் உள்ள பிளக்கிலிருந்து கரண்ட் எடுக்கிறது. அந்த அடாப்டர் வழியாக ஏறி, லேன் கேபிளில் இறங்கிக் கம்ப்யூட்டருக்கு வரலாம். நம் மிளகு வளையம் தாங்க வேண்டிய வரம்பு, தரப்படி, ஒரு நிமிடத்துக்கு 1500 வோல்ட். சாதாரண அதிர்வுகளுக்கு இது தாராளம், பக்கத்தில் விழும் இடிக்குப் போதாது. போர்ட் மட்டும் செத்து மதர்போர்டு பிழைத்தது என்றால், வாசலிலேயே அடி நின்றிருக்கிறது என்று அர்த்தம். இடி இடித்தால் அடாப்டரையும் லேன் கேபிளையும் சேர்த்தே பிடுங்கிவையுங்கள்.

கடைசியாக அந்த 100. நூறு மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், ஆயிரத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்திருந்தால், பல சில்லுகள் முரண்டு பிடிக்காமல் நூறுக்கு இறங்கி ஓடும். உங்கள் கேபிளில் நடந்திருப்பது அநேகமாக இதுதான். கண்டுபிடிக்கக் கருவி உங்களிடமே இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, லேன் கேபிளின் ஒரு முனையைக் கார்டிலேயே விட்டுவிடுங்கள். ரவுட்டர் பக்கத்து முனையைக் கழற்றி, பிளக்கின் பொன்னிற ஊசிகளில் மீட்டரை வையுங்கள்: ஒன்று இரண்டு, மூன்று ஆறு, நான்கு ஐந்து, ஏழு எட்டு. எந்த ஜோடியில் பீப் வரவில்லையோ அங்கேதான் கம்பி அறுந்திருக்கிறது.