சதவீதம் ஏறினால் ஆபத்து ஏறியதாகப் பொருளல்ல

சென்ற மாதம் ஒரு பள்ளியில் உரையாற்றி முடித்தபின், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனியே வந்து, 2032 டிசம்பரில் தனக்கு எத்தனை வயதாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அந்த மாதம் 22ஆம் தேதி பூமியில் ஒரு விண்கல் மோதும் என்று ஏதோ ஒரு காணொளியில் பார்த்திருக்கிறாள். மோதாது என்று பின்னர் வந்த செய்தியை அவள் வீட்டில் யாரும் நம்பவில்லை. “மோத 1 சதவீதம் வாய்ப்பு என்றார்கள் முதலில், அப்புறம் 3 சதவீதம் என்றார்கள், திடீரென்று இல்லவே இல்லை என்கிறார்கள், எதையோ மறைக்கிறார்கள்” என்பது பெரியவர்களின் தீர்ப்பு. சிறுகோள்களின் இருப்பிடத்தை அளந்து அனுப்புவதே என் வேலை என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் அது ஒரு குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போன பிறகு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அந்தச் சிறுகோளின் பெயர் 2024 ஒய்ஆர்4. (விண்கல் என்பது தரையில் விழுந்து கையில் எடுக்கக்கூடிய கல், சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும்வரை அது சிறுகோள்தான். செய்தி எழுதுவோர் இதையாவது திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.) சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 டிசம்பர் 27 அன்று அதைக் கண்டுபிடித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே, நிலவு இருக்கும் தொலைவைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான தொலைவில், அது நம்மைக் கடந்து போய்விட்டிருந்தது. அதன் சுற்றுப்பாதை மிகவும் நீண்ட நீள்வட்டம்: ஒரு முனையில் பூமியின் பாதைக்கு உள்ளே நுழைந்து, மறுமுனையில் செவ்வாயையும் சிறுகோள் பட்டையையும் தாண்டிச் செல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 ஆண்டுகள் ஆவதால், பூமி 4 சுற்று முடிக்கும் தறுவாயில் அதுவும் திரும்பி வந்துவிடுகிறது. 2028, 2032 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் மாதங்கள் பேசப்படுவது இதனால்தான்.

கண்டுபிடித்த அன்றே பாதை முழுவதும் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்ற நினைப்புத்தான் குழப்பம் அனைத்துக்கும் வேர். எங்கள் படங்களில் சிறுகோளுக்கு வடிவமே கிடையாது. அதன் நகர்வுக்கு ஏற்பத் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே படம் எடுப்பதால் விண்மீன்கள் எல்லாம் சிறு சிறு கோடுகளாக இழுபட்டுக் கிடக்க, நடுவில் மங்கலான ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும். அந்தப் புள்ளியின் மையத்தைக் குறிப்பதில் நேரும் நூலிழைப் பிழை, 8 ஆண்டுகளுக்குப் பிந்தைய நாளுக்குக் கணக்கிடும்போது லட்சக்கணக்கான கிலோமீட்டராக விரிந்துவிடுகிறது. பூமியோ வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தன் விட்டமான 12,742 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 7 நிமிடம் போதும். சிறுகோள் சில நிமிடங்கள் முந்தினாலோ பிந்தினாலோ பூமி அங்கே இருக்காது.

ஆகவே நாங்கள் தருவது ஓர் இடமல்ல, அன்று அது இருக்கக்கூடிய இடங்களின் நீண்ட பட்டை. எளிமைக்காக, அந்தப் பட்டை பூமியைப்போல் 100 மடங்கு நீளம் என்றும், பூமி அதற்குள் எங்கோ இருக்கிறது என்றும் கொள்ளுங்கள். அப்போது மோதும் வாய்ப்பு 1 சதவீதம். புதிய அளவீடுகள் வந்து பட்டை 33 மடங்காகச் சுருங்கிய பிறகும் பூமி உள்ளேயே இருந்தால், வாய்ப்பு 3 சதவீதமாகிறது. சிறுகோள் தன் வழியிலிருந்து அணுவளவும் விலகவில்லை. நம் அறியாமை சுருங்கியிருக்கிறது, அவ்வளவே. பட்டை இன்னும் சுருங்கி அதன் ஓரம் பூமியை விட்டு விலகியதும் எண் ஒரேயடியாகச் சரிந்துவிடும். 2025 பிப்ரவரி 18 அன்று நாசாவின் கணிப்பு 3.1 சதவீதமாக இருந்தது. 24ஆம் தேதி 0.004 சதவீதமாகிவிட்டது. 2004 டிசம்பரில் அப்போஃபிஸ் சிறுகோளுக்கும் இதே ஏற்றமும் இதே சரிவும் நிகழ்ந்தன. மறைத்தார்கள் என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உலகெங்கும் எடுக்கப்படும் அளவீடுகள் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் சிறுகோள் மையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கப்படுகின்றன, கணிதம் அறிந்த எவரும் பாதையைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

அளவும் இப்படித்தான். ஒளியை மட்டும் வைத்துப் பார்த்தால், கரிய பெரிய பாறையும் வெளிறிய சிறிய பாறையும் ஒன்றுபோலவே தோன்றும்; அதனால்தான் முதலில் 40 முதல் 90 மீட்டர் என்று சொன்னோம். பின்னர் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்த பிறகே சுமார் 60 மீட்டர் என்று உறுதியானது.

இனி, செய்தியைப் பார்த்தவுடன் பகிராதீர்கள். பெயரும் தேதியும் தொலைவும் இல்லாத செய்தியைத் தள்ளிவிடுங்கள். “பூமியை நெருங்குகிறது” என்றால் எவ்வளவு தொலைவில் என்று கேளுங்கள். நிலவின் தொலைவான 3,84,400 கிலோமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயம் இருந்தால் நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் வெளியிடும் பட்டியல்களில் அந்தப் பெயரைத் தேடுங்கள். குழந்தைகளிடம் பாதிச் செய்தியைச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

உண்மையிலேயே பயன்படும் எச்சரிக்கை ஒன்று உண்டு, அதை யாரும் பகிர்வதில்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அளவுள்ள ஒரு சிறுகோள் வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் அதை முன்கூட்டிப் பார்க்கவில்லை. பேரொளியைக் கண்டு என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடியவர்கள் பலர். அதிர்ச்சி அலை வந்து சேர இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. காயமடைந்த ஏறத்தாழ 1,500 பேரில் பெரும்பாலோரைக் காயப்படுத்தியது உடைந்த கண்ணாடி. வானில் அப்படி ஓர் ஒளி தோன்றினால் கண்ணாடியை விட்டு உடனே விலகுங்கள், சுவரோரம் குனிந்து சில நிமிடங்கள் காத்திருங்கள்.

அந்த மாணவிக்குப் பட்டையையும் பூமியையும் தாளில் வரைந்து காட்டினேன். 2028 டிசம்பரில் அது மறுபடி இந்தப் பக்கம் வரும்போது நாங்கள் மீண்டும் அளப்போம், அப்போதும் எண்கள் மாறும் என்றும் சொன்னேன். தாளை வீட்டில் காட்டுவதற்காக மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.