படுக்கையும் சேர்ந்து மலையேறும்போது

இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர், எழுந்து போகும்போது கைப்பேசியை நீட்டினார். “டாக்டர், ஜூன் லீவுக்கு அமெரிக்கா போறோம். அம்மாவும் வராங்க. ஏதாவது மாத்திரை வேணுமா?”

திட்டத்தைப் பார்த்தேன். டென்வரில் இறங்கி, மறுநாள் காலை மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியோடு கூடிய வீட்டு வண்டி) எடுத்து, அன்றிரவே ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் கிளேசியர் பேசின் முகாமில் தூக்கம். அம்மாவுக்கு 67 வயது, ரத்தக்கொதிப்பு வேறு.

நம் சிங்கப்பூரில் ஆக உயரமான புக்கித் தீமா குன்றே ஏறத்தாழ 164 மீட்டர்தான். டென்வர் சுமார் 1,600. அந்த முகாம் 2,600-ஐ நெருங்கும். ஹோட்டலில் தங்குபவர் பகலில் மேலே சுற்றிவிட்டு இரவில் இறங்கிவிடலாம். மோட்டார்ஹோமில் படுக்கையும் கூடவே ஏறுகிறது. உயரத்தில் தூங்கும்போது ரத்தத்தில் ஆக்ஸிஜன் இன்னும் குறைவதால், பகலில் ஏறி இறங்குவதைவிட இரவு எங்கே படுக்கிறோம் என்பதுதான் உடம்பைப் பாடாய்ப் படுத்தும். உயரத்தால் வரும் இந்தத் தொல்லைதான் மலைநோய்.

நானே பட்டிருக்கிறேன். முதல் இரவு, விசுக்கென்று விழிப்பு; தலை விண்விண்ணென்று தெறித்தது, குமட்டல். நேர வித்தியாசம் 14 மணி நேரமாயிற்றே, அதனால்தான் என்று நினைத்துப் பனடால் போட்டுக்கொண்டு படுத்தேன். காலையில் அலமாரியைத் திறந்தால், இங்கிருந்து கொண்டுபோன முறுக்குப் பாக்கெட் பலூன்போல உப்பியிருந்தது. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் அப்படித்தான் உப்பும். அதைப் பார்த்த பிறகுதான், இது உயரத்தின் வேலை என்று டாக்டருக்கே உறைத்தது.

அவரிடம் சொன்னது இதுதான். முதல் இரண்டு இரவு டென்வரிலேயே இருங்கள். தூக்கம் சரியாகும், வலப்பக்கம் ஓட்டவும் கை பழகும். மூன்றாவது இரவு சுமார் 2,300 மீட்டரில் இருக்கும் எஸ்டெஸ் பார்க். பிறகு முகாம். 3,713 மீட்டர் வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலைக்குப் பகலில் போய் இறங்கிவிடுங்கள். முதல் நாட்களில் மது வேண்டாம். மலைநோயைத் தடுக்க அசிட்டாசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு அலர்ஜி இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரையால் அடிக்கடி சிறுநீர் வரும், விரல் நுனி குறுகுறுக்கும். வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருப்பது அப்போது பெரிய வரம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடித்தவர்போல நடை தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே கீழே இறங்கி உதவி தேட வேண்டும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. வண்டிக்குள் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகியுங்கள். அதற்கு வாசனை கிடையாது. மலைநோயின் அறிகுறிகளைத்தான் அதுவும் காட்டும். உடனே எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். குளிருக்காக கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்குவதும், ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுப்பதும் கூடவே கூடாது. வண்டியை எடுக்கும்போதே அந்த வாயுவுக்கான அலாரத்தை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் கேட்டுக்கொண்டவர், “அம்மா அரிசி எடுத்துட்டு வராங்க, பரவாயில்லையா?” என்றார். அங்கே தண்ணீர் 92 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறு நறுக்கென்றே நிற்கும். குக்கரையும் எடுத்துப் போகச் சொன்னேன்.