64,800 விளக்குகள்: டியூனர் கார்டு படத்தை எப்படி மீட்கிறது?

சிங்கப்பூரின் தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம் அவருடைய அப்பா மொட்டை மாடியில் பெரிய டிஷ் வைத்திருக்கிறாராம். கீழே இருந்த செட்டாப் பெட்டி பழுதாகிவிட்டது. "பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் சேட்டிலைட் டியூனர் கார்டு போட்டுக் கொடுத்தால் அப்பா நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தும் பார்க்கலாமே என்று நினைத்தேன். கடைகளில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது தெளிவான படம் தரும்? அதே கார்டை இங்கே என் வீட்டிலும் போட்டுக்கொள்ளலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியை வாங்கும் டிஷ்ஷை உரிமம் இல்லாமல் வைக்கக்கூடாது. டிஷ் வாங்கும் அலையைக் கணினியில் படமாக்குவதுதான் அந்தக் கார்டின் வேலை, டிஷ் இல்லாவிட்டால் அதற்கு இங்கே வேலை இல்லை. ஆனால் தமிழ் ஒளிவழி வசந்தம் உள்ளிட்ட நம் இலவச ஒளிவழிகள் காற்றில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பழைய அனலாக் ஒளிபரப்பு 2018 முடிவோடு நின்றது. இப்போது இருப்பது டிவிபி-டி2 என்ற மின்னிலக்க முறை. அதற்கு வேறு கார்டு வேண்டும். சின்ன யுஎஸ்பி குச்சியே போதும், ஆனால் பெட்டியில் 'டி2' என்று இருக்க வேண்டும். வெறும் 'டிவிபி-டி' என்று போட்டிருக்கும் மலிவான குச்சிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆர்டிஎல்2832யு என்ற சில்லை மட்டும் வைத்துச் செய்த குச்சிகள் அந்த வகை. வானொலி அலைகளை ஆராய்ந்து விளையாட அவை அருமையானவை. வசந்தம் மட்டும் வராது.

சரி, அப்பாவின் டிஷ்ஷுக்கு வருவோம்.

செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அலை நம்மை எட்டும்போது மிக மிக மெலிந்திருக்கும். டிஷ் அதைக் குவிக்கிறது, குவியும் இடத்தில் இருக்கும் எல்என்பி என்ற சிறு கருவி அதைப் பெருக்கி, அதிர்வெண்ணைக் குறைத்துக் கேபிளில் இறக்குகிறது. பெரிய டிஷ் என்றால் பெரும்பாலும் சி-பேண்ட், அதாவது 4,000 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகள். 4,000 மெகாஹெர்ட்ஸில் வந்த அலையை எல்என்பி தனக்குள் உண்டாக்கும் 5,150 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து கழித்து 1,150 ஆக்கி அனுப்பும். இதே கேபிளில் எதிர்த்திசையில் இன்னொன்றும் போகிறது. கார்டிலிருந்து மேலே 13 வோல்ட் போனால் எல்என்பி செங்குத்தாக அதிரும் அலையை எடுக்கும், 18 வோல்ட் போனால் கிடையாக அதிரும் அலையை எடுக்கும். எல்என்பிக்குச் சாப்பாடும் கட்டளையும் ஒரே கம்பியில் போய்விடுகின்றன. இதனால்தான் நல்ல கார்டுகள் பலவற்றில் கணினியின் மின்வழங்கியிலிருந்து தனி இணைப்புக் கொடுக்க ஒரு சொருகி இருக்கும். வாங்கும்போது அதைப் பாருங்கள், பொருத்தும்போது மறக்காதீர்கள்.

இனி கார்டுக்குள் நடப்பது. முதல் சில்லு வேண்டிய அலைவரிசையைப் பிரித்தெடுக்கிறது. அடுத்த சில்லு அந்த அலையிலிருந்து 0, 1 என்ற பிட்டுகளை எடுக்கிறது. கடிகார முள் எட்டே எட்டு நிலைகளில் மட்டும் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று பிட்டுகள் அடங்கிய ஒரு பெயர். அலையின் கட்டம், அதாவது ஏறி இறங்கும் சுழற்சியில் அது நிற்கும் இடம், அப்படித்தான் எட்டு நிலைகளில் மாறி மாறி வருகிறது. பிரச்சினை இரைச்சல்தான். முள் துல்லியமாக ஒரு நிலையில் நிற்காது, இரண்டு நிலைகளுக்கு நடுவே தள்ளாடும். ஆகவே சில்லு "இது 1" என்று அடித்துச் சொல்வதில்லை. "இது 1 ஆக இருக்க 55 விழுக்காடு வாய்ப்பு" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

அதற்கு அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கான டிவிபி-எஸ்2 முறையில் பிட்டுகள் 64,800 கொண்ட கட்டுகளாக வருகின்றன. அவற்றை 64,800 விளக்குகள் என்று கற்பனை செய்யுங்கள். எரிந்தால் 1, அணைந்திருந்தால் 0. அனுப்புகிறவர் இந்த விளக்குகளைச் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்த்திருக்கிறார். முக்கால் பங்கு செய்தி, கால் பங்கு பாதுகாப்பு என்ற அளவில் அனுப்பினால் 16,200 குழுக்கள், அநேகமாகக் குழுவுக்கு 14 விளக்குகள். விதி ஒன்றே ஒன்று: எந்தக் குழுவிலும் எரியும் விளக்குகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். செய்தியைச் சுமக்கும் விளக்குகளில் பெரும்பாலானவை மூன்று குழுக்களில் இருக்கும், 5,400 விளக்குகள் மட்டும் பன்னிரண்டு குழுக்களில் இருக்கும். எந்த விளக்கு எந்தக் குழுவில் என்ற பட்டியல் அனுப்புகிறவரிடமும் இருக்கிறது, அப்பாவின் கார்டிலும் இருக்கிறது.

எளிதாக நான்கே விளக்குகள் கொண்ட குழு ஒன்றை எடுப்போம். முதலாவது எரிகிறது, இரண்டாவது அணைந்திருக்கிறது, மூன்றாவது எரிகிறது. மூன்றிலும் நமக்கு 90 விழுக்காடு நம்பிக்கை. நான்காவது தெரியவில்லை, 55 விழுக்காடு 'எரிகிறது' பக்கம் சாய்கிறது. எண்ணிக்கை இரட்டைப்படையாக வேண்டுமென்றால் நான்காவது அணைந்திருக்க வேண்டும். ஆனால் மற்ற மூன்றும் நிச்சயமில்லையே! கணக்குப் போட்டால் குழு அதற்குத் தரும் ஆலோசனை இது: "நீ அணைந்திருக்கிறாய், சுமார் 76 விழுக்காடு." மூவரில் ஒருவர் மட்டும் பாதிக்குப் பாதி என்று தயங்கினால் இந்த 76 நேராக 50-க்கு விழுந்துவிடும். தெரியாதவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும் குழுவால் இன்னொருவருக்கு எதையும் சொல்ல முடியாது.

நம் நான்காவது விளக்கு மூன்று குழுக்களில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம். மூன்றுமே தனித்தனியாக 76 விழுக்காடு அணைவு என்று சொன்னால், அதன் சொந்த 55 விழுக்காடு எரிவையும் சேர்த்துப் பார்க்க, முடிவு 96 விழுக்காடு அணைவு. ஒரே சுற்றில் ஐயம் தெளிந்துவிட்டது. இப்போது அது தன் பங்குக்கு மற்ற விளக்குகளுக்குக் கைகொடுக்கும். அடுத்த சுற்றில் அவை தெளியும், அவை இன்னும் சிலவற்றைத் தெளிவிக்கும். சில பத்துச் சுற்றுகளுக்குள் 16,200 குழுக்களும் இரட்டைப்படையாகி அமைதியாகிவிடும். வேலை முடிந்தது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு விளக்கு ஒரு குழுவிடம் தன் கருத்தைச் சொல்லும்போது, அந்தக் குழு தனக்கு ஏற்கெனவே சொன்னதைக் கழித்துவிட்டு மீதியை மட்டுமே சொல்லும். ஏன்? நான் ஒரு சேதியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்கிறேன். அவர் தங்கையிடம் சொல்ல, தங்கை தோழியிடம் சொல்ல, தோழி வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்புகிறார். "பார், நாலு பேர் சொல்கிறார்களே" என்று நான் என் சொந்தச் சேதியையே சாட்சியாக எண்ணிவிடுகிறேன். ஒரே சாட்சி நான்கு சாட்சியாகிவிட்டது. கார்டுக்குள் இது நடந்தால் தவறான பிட் ஒன்று தன் தவற்றைத் தானே உறுதி செய்துகொள்ளும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கழித்தல். குழுக்கள் சிறியவையாக, விளக்குகள் கலந்து கலந்து சேர்க்கப்பட்டிருப்பதும் இதற்காகத்தான். அப்போது ஒருவர் சொன்னது சுற்றி அவரிடமே திரும்பிவர வெகுநேரமாகும்.

2020-இல் 5ஜி கோபுரங்கள் கொரோனாவைப் பரப்புவதாக ஒரு வதந்தி உலகம் முழுக்கச் சுற்றியது. பிரிட்டனில் கோபுரங்களுக்குத் தீயே வைத்தார்கள். அந்த 5ஜி தன் தரவைக் காப்பாற்ற, குழுக்களாகச் சேர்த்துத் தவறு திருத்தும் இதே வகைக் குறியீட்டைத்தான் பயன்படுத்துகிறது. கேட்டதைக் கழித்துவிட்டுச் சொல்லும் ஒரு சின்ன ஒழுக்கம் அந்தக் கோபுரத்தின் சில்லுக்குள் இருக்கிறது, அதைக் கொளுத்தியவர்களிடம் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

இந்த முறையைக் கண்டவர் ராபர்ட் கேலகர். 1960-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்காக எழுதினார், 1963-இல் நூலாக வந்தது. அதற்கப்புறம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் யாரும் அதைத் தொடவில்லை. அந்தக் காலத்துக் கணினிகளுக்கு அது தாங்க முடியாத கணக்கு. 1990-களின் நடுவில் ஆய்வாளர்கள் டேவிட் மெக்கேயும் ராட்ஃபர்ட் நீலும் அதைத் தூசு தட்டி எடுத்து, இரைச்சல் நடுவே பிழையின்றி எவ்வளவு தரவு அனுப்பலாம் என்று கணிதவியலாளர் ஷானன் 1948-இல் வகுத்த எல்லைக்கு மிக அருகில் அது போகிறது என்று காட்டினார்கள். சில ஆண்டுகளில் டிவிபி-எஸ்2 அதை எடுத்துக்கொண்டது. பழைய டிவிபி-எஸ் முறையைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதல் தரவை அதே செயற்கைக்கோளில் ஏற்ற முடிந்தது. நம் வசந்தத்தைச் சுமந்துவரும் டிவிபி-டி2-வும் இதே குடும்பத்துக் குறியீட்டைத்தான் பயன்படுத்துகிறது.

சிங்கப்பூர் 2021 முதல் 2025 வரையான ஆய்வுத் திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது. சின்ன நாட்டுக்குப் பெரிய தொகை, எனக்கு அதில் பெருமைதான். ஆனால் மானியம் கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பமும் "இதனால் ஐந்து ஆண்டுகளில் என்ன பலன்?" என்ற கேள்வியைத் தாண்ட வேண்டுமென்றால் கேலகரின் விண்ணப்பம் தேறியிருக்காது. உடனடிப் பயன் தெரியாத கேள்விகளுக்கென்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி, அதைப் பயன்கேட்டுத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது "எது தெளிவான படம் தரும்?" என்ற கேள்விக்கு விடை உங்களுக்கே தெரிந்திருக்கும். குழுக்கள் அமைதியாகிவிட்டால் கிடைப்பது அனுப்பிய அதே பிட்டுகள். ஐம்பது வெள்ளிக் கார்டில் வந்தாலும் முந்நூறு வெள்ளிக் கார்டில் வந்தாலும் படம் ஒன்றேதான். தங்க முலாம் பூசிய கேபிள் வண்ணத்தைக் கூட்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள். கார்டுகள் வேறுபடுவது எவ்வளவு மெலிந்த சமிக்ஞையிலிருந்து அந்த அமைதியை எட்டுகின்றன என்பதில்தான். எட்டாவிட்டால் படம் மங்காது. சதுரம் சதுரமாக உடைந்து, சட்டென்று போய்விடும்.

ஆகவே அப்பாவுக்கு டிவிபி-எஸ்2 கார்டு ஒன்றை வாங்குங்கள். எஸ்2 கார்டுகள் பழைய எஸ் முறையையும் வாங்கிக்கொள்ளும். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய ஆசை என்றால் இரட்டை டியூனர், அதற்கு மாடியிலிருந்து இரண்டாவது கேபிளும் இரட்டை வாய் உள்ள எல்என்பியும் வேண்டும். பழைய கணினி என்கிறீர்கள், உள்ளே கார்டு மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் சொருகிடம் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். மிகச் சிறிய சொருகிடமே தாராளம், செயற்கைக்கோளின் ஓர் அலைவரிசை முழுவதும் சேர்த்தே நொடிக்குச் சுமார் 60 மெகாபிட்தான் வரும். லினக்ஸ் இயங்குதளம் போடுவதாக இருந்தால் கார்டில் உள்ள சில்லை இயக்கும் மென்பொருள் (டிரைவர்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பெட்டியில் உள்ள பெயரைவிட இதுதான் முக்கியம். பதிவு என்பது வந்த பிட்டுகளை அப்படியே கோப்பில் எழுதுவதுதான், தரம் குறையாது. நொடிக்கு 8 மெகாபிட் ஒளிவழி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 கிகாபைட். கட்டண ஒளிவழிகள் பூட்டிய நிலையில் வரும், கார்டு மட்டும் அவற்றைத் திறக்காது. இதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மழையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜோகூரில் என் அத்தை வீட்டில் இருப்பது கேயு-பேண்ட் சின்ன டிஷ். "மழை வந்தா டிவி போயிரும், நீ கிளம்புறதுக்குள்ள பாத்துக்கடா" என்பார். 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2.5 சென்டிமீட்டர், அடைமழைத் துளிகள் அதை நன்றாகவே தின்றுவிடும். 4 கிகாஹெர்ட்ஸில் அலை 7.5 சென்டிமீட்டர், மழை அவ்வளவாகத் தொடாது. அப்பாவின் பெரிய டிஷ்ஷை மாற்றச் சொல்லி யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, கேபிள் முனை. போன ஆண்டு என் தோ பாயோ வீட்டில் டி2 குச்சியில் படம் அடிக்கடி உடைந்தது. ஆண்டெனாவை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து, புக்கிட் பாத்தோக் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் மேற்குப் பக்கச் சன்னலுக்கு மாற்றினேன். கொஞ்சம் தேறியது, சரியாகவில்லை. கடைசியில் கேபிள் முனையில் நானே மாட்டியிருந்த எஃப் கனெக்டர் என்ற இணைப்பியைக் கழற்றி விளக்கடியில் பிடித்துப் பார்த்தால், வெளி வலையிலிருந்து முடி மாதிரி ஒரே ஒரு செம்புக் கம்பி வளைந்து நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நகவெட்டியால் நறுக்கினேன், படம் உடையாமல் நின்றது. டிஷ் கேபிளில் 18 வோல்ட் வேறு ஓடும். மாட்டுவதற்கு முன் இரண்டு முனைகளையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.