வாக்குமூலம் என்றால் ஒப்புக்கொள்வதா?

“நாங்க என்ன தப்பு சார் பண்ணினோம், எதுக்கு வாக்குமூலம் குடுக்கணும்?” விபத்தை நேரில் பார்த்தவர்கள், பக்கத்து வீட்டுச் சண்டையை விலக்கிவிட்டவர்கள் எனப் பலரும் என் அலுவலகத்துக்கு வந்து கேட்பது இதைத்தான். சாட்சிகளாக அழைக்கப்பட்டவர்கள், குற்றவாளிபோல் நடுங்கிப் போய் உட்கார்ந்திருப்பார்கள். ‘போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்’ என்ற பத்திரிகைத் தலைப்புகளுக்கு இந்தப் பயத்தில் பெரும் பங்கு உண்டு.

வாக்கு, மூலம் இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. வாக்கு என்றால் பேச்சு. மூலம் என்றால் வேர், ஆதாரம். ஒருவர் தம் வாயால் சொல்லி, விசாரணையில் முறைப்படி பதிவாவது வாக்குமூலம். பாதிக்கப்பட்டவர் சொல்வதும் அதுதான், சாட்சி சொல்வதும் அதுதான். குற்றத்தை ஏற்றுக்கொள்வதற்கு ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்று தனிப்பெயர் இருக்கிறது. முதற்சொல்லை விழுங்கிவிட்டுப் பேசுவதால்தான் இத்தனை குழப்பம்.

அந்த ஒப்புதலும் யாரிடம் சொன்னது என்பதைச் சட்டம் பார்க்கும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஆயுதமோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். ஆகவே, பத்திரிகையில் வந்த ‘பரபரப்பு வாக்குமூலத்தை’ மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று தெருவில் பேசாதீர்கள்.

மாஜிஸ்திரேட் முன்பு கொடுப்பது வேறு. “நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே பயன்படலாம்” என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். பதிவுக்கு முன் “விருப்பமில்லை” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவரைப் போலீஸ் காவலுக்கு அனுப்ப மாஜிஸ்திரேட் அனுமதிக்கக் கூடாது.

சாட்சியாக அழைக்கப்படுபவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். விசாரணையில் நீங்கள் சொல்வதைப் போலீசார் எழுதிக்கொள்ளலாம். அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆம் பிரிவு. புகார் மனு வேறு, அதில் கையெழுத்து உண்டு. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு அதிகாரிதான் வர வேண்டும்.